சிவப்புக் கோட்டுக்கு எத்தனை விரல்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று. துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டில் போய்ப் பொறுக்க வேண்டியிருக்கிறது.

கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் ஒரே ஓர் இடம் காலி. கோச் மேடம் சொன்னது: "ரீபவுண்டு பந்தப் புடிக்க ஆள் வேணும். நின்ன இடத்துல இருந்து எகிறி யாரு வலையத் தொடுறீங்களோ, அவங்கதான்." அடுத்த வியாழன் தேர்வு. போட்டி எனக்கும் பர்வீனுக்கும்தான். மற்றவர்கள் குதிப்பதைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

வீட்டில் ஏது வலை? அப்பாவின் லாரிதான் இருக்கிறது, பக்கத்துக் காலி இடத்தில். டேப் வைத்து அளந்தேன். பாடியின் மேல் பக்கம் பெயிண்டர் இழுத்த சிவப்புக் கோடும் வலையின் அடி நுனியும் ஒரே உயரம். விரலில் சாக்பீஸ் தடவிக்கொண்டு எகிறினேன். நான்கு விரல் குறைச்சல்.

மதியம் அப்பா காலி வண்டியோடு கிளம்பினார். தாவணகெரே போய் மக்காச்சோளம் ஏற்ற வேண்டும்.

ஜூலை 9, புதன்

தொடை இரண்டும் கல். உட்கார்ந்தால் எழ முடியவில்லை.

கயிறு தாண்டல். முட்டி மடக்கி உட்கார்ந்து அப்படியே எகிறல். படிக்கட்டு ஓரத்தில் நுனிக்காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கல். மேடம் நான் எகிறுவதைப் பார்ப்பதே இல்லை, இறங்குவதைத்தான் பார்க்கிறார். "தொப்புன்னு விழாத, முட்டி போயிரும். பூனை மாதிரி எறங்கு." எனக்குக் கைவீச்சு பிந்துகிறதாம். கை முந்தினால்தான் உடம்பு கூட வருமாம். நாளை கட்டாய ஓய்வு.

அம்மா மூன்றாவது முட்டையைத் தட்டில் வைத்தார். "நாமக்கல்லுல பொறந்துட்டு முட்டைக்கு மூஞ்சி சுளிக்கறவ நீ ஒருத்திதான் சாமி."

பாட்டனி ரெக்கார்டு இன்னும் பாக்கி.

ஜூலை 12, சனி

தொட்டுவிட்டேன்!!

சாயங்காலம் அப்பா வந்தார், சோள லோடோடு. நாளை தீவன மில் லீவு, திங்கள்தான் இறக்குவார்கள். வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்று எகிறினேன். விரல் கோட்டுக்கு மேலேயே பட்டது. மறுபடியும். மறுபடியும். சிவப்பில் வெள்ளை விரல் விரலாக. கத்தினேன். டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பிச் சிரித்தார். மறுபடி டயரைத் தட்டப் போய்விட்டார்.

பர்வீனுக்கு போன். அஸ்தம்பட்டிப் பெண், இங்கே விடுதியில் இருக்கிறாள். தாராளமாகப் பீற்றிக்கொண்டேன். "அப்ப எடம் உனக்குத்தாண்டி. நான் வந்து எதுக்கு அசிங்கப்படணும்? வியாழக்கெழம ஊருக்குப் போறேன். அத்தா கூப்பிட்டுட்டே இருக்காரு."

அம்மா பாயசம் வைத்தார். அப்பா இரண்டு டம்ளர்.

ஜூலை 14, திங்கள்

கல்லூரி விட்டு வந்தால் வண்டி நிற்கிறது, லோடு இறக்கியாயிற்று. சும்மா ஒரு தடவை எகிறினேன். எட்டவில்லை. இன்னொரு தடவை. இரண்டு விரல் குறைச்சல். கால் வலியோ என்று பார்த்தேன். ஷூவைக் கழற்றி மாட்டினேன். பிறகுதான் உறைத்தது. லோடு ஏறினால் ஸ்பிரிங் பட்டை அமுங்கும், வண்டி உட்காரும், கோடும் கூடவே கீழே வரும். நான் அளந்தது காலி வண்டியில். லாரிக்காரர் மகளுக்கு இதுகூடத் தெரியவில்லை. வெளியே சொன்னால் ஊரே சிரிக்கும்.

"ஏனுங்கப்பா, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியும் சாமி. உம்மூஞ்சியப் பாத்தேன். சொல்ல வாய் வரல."

கோபம். சாப்பிடாமல் எழுந்து போனேன். அப்புறம் பசித்தது, சாப்பிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது, வரவில்லை.

பர்வீனிடம் இன்னும் சொல்லவில்லை. அவள் வராவிட்டால் எனக்கு நல்லதுதானே. யாருமே தொடாவிட்டாலும் கிட்டத்தில் போனவளுக்குத்தான் மேடம் தருவார். இப்படி நினைத்தது நான்தான், வேறு யாருமில்லை.

கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள். என் தட்டிலிருந்து போண்டாவை எடுத்துக் கடித்துக்கொண்டே "என்ன சாம்பியன்" என்றாள். எனக்கு அவமானமாக இருந்தது. மிச்சத்தையும் அவளிடமே தள்ளினேன்.

ஜூலை 16, புதன்

சொல்லிவிட்டேன். விடுதி அறையில் பர்வீன் ஊருக்குப் போகப் பை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது லோடு வண்டிடி. கோடு எறங்கி இருந்துச்சு. நான் தொடவே இல்ல."

முறைத்தாள். "நாலு நாளா நான் ஒழுங்கா தூங்கலடி, எரும!"

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள், விக்கல் வரும்வரை. பையின் அடியில் கைவிட்டு ஷூவை வெளியே இழுத்தாள்.

ஜூலை 17, வியாழன்

காற்று சுத்தமாக நின்றுவிட்டது. வலை ஆடவில்லை.

ஆளுக்கு மூன்று வாய்ப்பு. எனக்கு மூன்றிலும் ஒரு விரல் குறைச்சல். கை முந்தியது, இறங்கும்போது சத்தமே இல்லை, மேடமே தலையாட்டினார். இருந்தும் ஒரு விரல். பர்வீன் முதல் இரண்டையும் வீணடித்தாள். மூன்றாவதில் வலை நூல் அசைந்தது.

இடம் அவளுக்கு.

அப்பா ஹைவேயிலிருந்து போன். "என்னாச்சு சாமி?"

"ஒரு விரலுங்கப்பா. எட்டல."

"ம்... சரி சாமி. பொழுதோட ஊட்டுக்கு வாரேன்."

பொறாமையாக இருக்கிறது. நிறையவே. சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்தேன். ஆனால் அவள் விரல் வலையில் பட்டதும் கோர்ட்டில் முதலில் கத்தியது நான்தான். தொண்டை கட்டிக்கொண்டது. அம்மா வெந்நீர் வைக்கிறார்.