அவிஸ் சீமாட்டியின் ஏழாவது மாடம்

பிளேஸ்டோ, இலண்டன்
12 பங்குனி 1991

அன்பு மகள் மெற்றில்டாவுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. எட்டு வருடங்களுக்குப் பிறகு அம்மாவின் கையெழுத்தைக் கண்டு பயப்படாதே. ஒருவரும் சாகவில்லை.

எங்கள் தமிழ்ப் பூசைக்கு மண்டபம் தருகிற ஆங்கிலிக்கன் கோயிலில் ஒரு பழைய கல்லறை இருக்கிறது. அதைப் பற்றிய சிறு நூலைத் தமிழில் எழுதித் தரும்படி அங்குள்ள போதகர் கேட்டார். என் கொன்வென்ற் ஆங்கிலம் இன்னும் துருப்பிடிக்கவில்லை. ஒப்புக்கொண்டேன்.

அதில் அடக்கப்பட்டிருக்கும் அவிஸ் சீமாட்டி அறுநூறு வருடங்களுக்கு முந்தியவள். பன்னிரண்டு வயதில் கலியாணம். கணவர் பிரான்சில் போரில் இறந்தார். மறுமணம் செய்யும்படி அரசர் நெருக்கியபோது, ஆயரின் முன் முழந்தாளிட்டு, மோதிரமும் கறுப்பு மேலங்கியும் வாங்கிக்கொண்டு, சாகும்வரை விதவையாகவே இருப்பேன் என்று நேர்ந்தாள். முப்பது வருடம் நிலங்களைத் தனியே ஆண்டாள். எனக்கு அவளைப் பிடித்துக்கொண்டது.

கல்லறையின் பக்கவாட்டில் பிள்ளைகளுக்காக ஏழு மாடங்கள். ஆறில் சிறிய உருவங்கள். ஏழாவது வெறுமை. மூத்த மகள் ஜோன், ஆடு மேய்ப்பவனின் மகனோடு போய்விட்டாள். அவளைச் செதுக்கவேண்டாம் என்று சிற்பியிடம் சொன்னது தாய்தான். அந்த வரியைத் தமிழாக்க எனக்கு நான்கு நாள் எடுத்தது.

வைத்தியர் என் இருதயத்தைப் பற்றி நல்லதாக ஒன்றும் சொல்லவில்லை. என் மரண அறிவித்தலை நானே எழுதிவைத்துவிட்டேன். உன் தம்பி எட்வேட் எழுதினால் பிழைவிடுவான். பிரதி இத்துடன் இருக்கிறது. "எட்வேட், மெற்றில்டா ஆகியோரின் அன்புத் தாயாரும்" என்ற வரியைப் பார். அப்பாவின் அறிவித்தலில் நான் எழுதாமல் விட்ட பெயர். இது போதும் என்று எழுது.

அம்மா


ரெய்னர்ஸ் லேன், இலண்டன்
24 பங்குனி 1991

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் இருதயத்தைப் பற்றி வாசித்து அழுதேன். மருந்தை நேரத்துக்கு எடுங்கள்.

அப்பா இறந்ததை நான் எப்படி அறிந்தேன் தெரியுமா? இங்கே கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலில். இரண்டு தரம் வாசித்தேன். என் பெயர் இல்லை. கடைக்கார அக்கா, "என்ன பிள்ளை, தெரிஞ்ச ஆக்களோ?" என்று கேட்டா. "இல்லை அக்கா, சும்மா பாத்தனான்" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்காமலே வீட்டுக்குப் போனேன்.

இப்போது என் பெயர் இருக்கிறது. எட்வேட்டின் மனைவி பெயரும் இருக்கிறது. என் கணவர் யோகராஜா இல்லை. பேரப்பிள்ளைகளில் என் மகள் சிவகௌரி இல்லை. வாசிக்கிறவர்கள் நான் கலியாணம் ஆகாதவள் என்று நினைக்கட்டும் என்றா எழுதினீர்கள்?

அவரிடம் காட்டினேன். "விடும், மனுசி இவ்வளவுக்கு வந்ததே பெரிசு" என்றார். கோபம் எனக்குத்தான். ஊரில் அவருடைய தகப்பனை நீங்கள் எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ள விடவில்லை. பிளேஸ்டோவில் எல்லாருக்கும் ஒரே குழாய்த் தண்ணீர்தானே அம்மா?

மூன்று பேரையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் என்னையும் விடுங்கள்.

ஜோனுக்குப் பிள்ளைகள் இருந்தார்களா?

மெற்றில்டா


பிளேஸ்டோ
9 சித்திரை 1991

அன்பு மகளுக்கு,

கேட்டதற்கு முதலில் பதில். ஜோனுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள். அவர்களின் பெயரை ஒருவரும் எழுதிவைக்கவில்லை. சீமாட்டி தன் மரண சாசனத்தில் மற்ற ஆறு பேருக்கும் கட்டில், வெள்ளிக் கிண்ணம், செபப்புத்தகம் என்று பகிர்ந்திருக்கிறாள். அந்த ஆறு பேரின் வமிசமும் போரிலும் கொள்ளைநோயிலும் அற்றுப்போய், காணி அரசருக்குப் போனது. நூல் அத்துடன் முடிகிறது.

நான் எழுதப் பார்த்தேன். 'மருமகன்' என்று எழுதினேன். அடுத்த சொல் வரவில்லை. பேனாவில் மை இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் எங்கள் பங்குச் சுவாமியிடம் சொன்னேன். "அம்மா, ஒரு பேர்தானே?" என்றார். ஒரு பெயர்தான். எழுபத்திநான்கு வயதில் எனக்கு அது ஏலவில்லை.

நீ சொன்னபடி உன் பெயரையும் எடுத்துவிட்டேன். புதிய பிரதி எட்வேட்டிடம் இருக்கிறது. செய்தது பிழை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

இதற்குப் பதில் எழுதவேண்டாம். எழுதினால் வாசிப்பேன்.

அம்மா