நூல் சுற்றிய மோதிரம்

இந்தச் சிவப்பு டேக்கில் இன்னும் ரப்பர் வாசம் போகவில்லை. நாலாக மடித்து, நடுவில் ஒரு ஸ்டேப்ளர் பின் அடித்து வைத்திருக்கிறாய். ஐந்து மாதமாக என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. திறக்கும்போதெல்லாம் கப்பலூர் கம்பெனியே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். இன்று காலையில்தான் எடுத்து வெளியே வைத்தேன். அதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நேற்று மத்தியானம் நாவலின் கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டேன். ஆகவே நம் சட்டப்படி இனி டேக்கைப் பிரிக்கலாம். பிரிக்கத்தான் கை வரவில்லை. வெண்டைக்காய்க்கு ஒரு முறை, பச்சை மிளகாய்க்கு ஒரு முறை என்று பழங்காநத்தம் கடைத்தெருவுக்கு இரண்டு நடை போய் வந்தாயிற்று. மிளகாய் வீட்டிலேயே இருந்தது. இனி எங்கே போவது என்று தெரியாமல்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன். இதை முடிப்பதற்குள் பின்னைப் பிடுங்கிவிட வேண்டும் என்று எனக்கு நானே கெடு வைத்திருக்கிறேன். பிரித்துவிட்டால் நீ எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லி முடித்ததாகிவிடும். அதுதான் பயம்.

நான் கதை எழுதுவது கம்பெனியில் யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. புனைபெயரில் மாத நாவல். கொலை பாதி, காதல் பாதி. டெஸ்பாட்ச் மேஜையில் டெலிவரி சலான் அடிக்கிற பெண், வீட்டுக்குப் போய் ஆளைக் கிணற்றில் தள்ளுகிறாள் என்று தெரிந்தால் மேனேஜர் என்ன நினைப்பாரோ என்று எனக்கு உதறல். நீ அப்போது இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ரப்பர் வாசர்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது உன் வேலை. கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்து, கையிலிருந்த நாவலை மேஜையில் கவிழ்த்து வைத்தாய்.

"இதை எழுதுனது நீங்கதான?"

"எதை?" என்றேன்.

"இதுல வர்ற பொண்ணு எலுமிச்சஞ்சாதத்துல அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைஞ்சு திங்குது. இந்தக் கம்பெனியில உங்களத் தவிர அப்படி யாரும் திங்கிறதில்ல."

நான் பிசைந்த கையோடு அப்படியே இருந்தேன். நீ சிரிக்கக்கூட இல்லை. மூன்று நாளில் 'நீங்க' போய் 'நீ' வந்தது, ஒரு வாரத்தில் 'அடி' வந்தது. அதன் பிறகு பதினேழு வருஷம் கம்பெனி பஸ்ஸில் ஒரே சீட்டில் போய் வந்தோம்.

டேக் வழக்கத்தை ஆரம்பித்ததும் நீதான். வெடிப்பு கண்ட சரக்கில் சிவப்பு டேக் கட்டிவிட்டால், மேனேஜரே வந்து சொன்னாலும் அது லாரியில் ஏறாது. என் கதைக்கும் அதே சட்டம் போட்டாய். கடைசி அத்தியாயம் எழுதுவதற்கு முன் மிச்சம் அத்தனையும் உன் கைக்கு வர வேண்டும். நீ படித்துவிட்டு, கொலைகாரன் பெயரை டேக்கில் எழுதி, மடித்துப் பின் அடித்துத் தருவாய். நான் எழுதி முடித்த பிறகுதான் பிரிக்கலாம். நீ எழுதியதும் நான் எழுதியதும் ஒரே ஆளாக இருந்தால் லாட் ரிஜெக்ட், மொத்தச் சரக்கும் தள்ளுபடி. வேறு ஆளைப் பிடித்து மறுபடி எழுத வேண்டும்.

எத்தனை தடவை அழ விட்டிருக்கிறாய். "அந்த வக்கீல நல்லவரு நல்லவருன்னு நாலு எடத்துல சொல்றியே, சொல்லும்போதே தெரிஞ்சுபோச்சுடி" என்று கையை விரிப்பாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து மாற்றுவேன். கடைசி வரை கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று வாசகர்கள் கடிதம் போடுவார்கள். அந்தப் பாராட்டில் பாதி உன்னுடையது. அதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வாய் என்று வைத்துக்கொண்டேன்.

காதலுக்கும் நீதான் தணிக்கை. "இம்புட்டு வசனமா பேசுவான் ஒரு ஆம்பள? எங்க வீட்டுல இருக்க மனுசன் கல்யாணமான நாள்லருந்து மொத்தமா இம்புட்டுப் பேசுனதில்ல" என்று பக்கத்தை என் மடியில் போடுவாய். ஆனால் அந்த மனிதரை நான் தினமும் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். நீ வண்டியின் பின்னால் ஏறியதும், கிளப்புவதற்கு முன் ஒரு தடவை குனிந்து, உன் புர்கா சக்கரத்தில் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு நாள்கூட அவர் பார்க்காமல் கிளப்பி நான் கண்டதில்லை. அதற்குப் பிறகு என் கதாநாயகர்கள் எல்லோரும் வண்டி எடுப்பதற்கு முன் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். நீ கண்டுபிடித்துவிட்டு, வெட்கத்தில் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதைக்கு இடம் பார்க்க அழகர்கோவில் மலைப்பாதைக்குப் போனோம். "தள்ளிவிட்டா சாகணும், ஆனா உடனே சாகக்கூடாது, அப்படி ஒரு பள்ளம் வேணும்" என்று நான் சொன்னதைக் கேட்டு, பின்னால் வந்த ஒரு குடும்பம் நம்மைத் தாண்டி விறுவிறுவென்று போய்விட்டது. நீ கொய்யாப்பழம் விற்றவரிடம் போய், "அண்ணே, இந்த எடத்துல எம்புட்டு ஆழம் இருக்கும்?" என்று கேட்டாய். அவர் உன்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்ல எதும் பிரச்சனையாம்மா? எதா இருந்தாலும் பேசிக்கிரலாம். மொதல்ல கீழ எறங்குங்க."

பஸ் ஏறும்வரை நீ சிரித்தாய். ஏறி உட்கார்ந்ததும், "முன்னப்பின்ன தெரியாத நம்மளப் பாத்து ஒரு மனுசன் கேட்டாருல்ல, அவரைக் கதையில வைடி" என்றாய். நான் வைக்கவில்லை. பள்ளத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காலையிலிருந்து இதைச் சுற்றித்தான் நடந்துகொண்டிருக்கிறேன்.

போன வருஷம் ஒரு நாள், பஸ்ஸில் நீ முன் சீட்டுக் கம்பியைப் பிடித்திருந்தாய். உன் மோதிரத்தின் அடிப்பக்கம் வெள்ளை நூல் சுற்றியிருந்தது. விரலிலிருந்து நழுவாமல் இருக்கச் சுற்றியது. அதைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியது என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அடடா, இது நல்லா இருக்கே என்றுதான் தோன்றியது. வீட்டுக்கு வந்து ஒன்பதாம் அத்தியாயத்தில், கதாநாயகியின் நாத்தனார் வசந்தியின் விரலில் அந்த நூலைச் சுற்றிவிட்டேன். மறுநாள் பஸ்ஸில் உனக்கே படித்தும் காட்டினேன். நீ உன் விரலைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய்.

"நல்லா கவனிச்சிருக்கடி" என்றாய்.

நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். ஏன் இளைத்துவிட்டாய் என்று கேட்கவில்லை. உன் சாப்பாட்டு டப்பா பாதி அப்படியே திரும்பிப் போனது. மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, செருப்பைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாய். "சீக்கிரம் எழுதுடி, என்னத்துக்கு இழுத்துக்கிட்டு இருக்க" என்று என்றும் இல்லாமல் விரட்டினாய். வேறு யாராவது இதையெல்லாம் கதையில் எழுதியிருந்தால் பத்தாம் பக்கத்திலேயே நான் கண்டுபிடித்திருப்பேன். தடயம் வைப்பதே தொழிலாக இருக்கிறவள், பக்கத்து சீட்டில் இருந்ததைப் பார்க்கவில்லை.

ஊரில் கல்யாணம் என்று லீவு போட்டாய். மூன்று வாரம் கழித்து உன் வீட்டுக்காரர் போன் செய்த பிறகுதான் நீ நோயில் படுத்திருக்கும் விஷயம் எனக்குத் தெரியும். ஓடி வந்தேன். "ஏண்டி எங்கிட்டச் சொல்லல?" என்று கத்தினேன். "சொன்னா நீ எழுத மாட்ட, உக்காந்து அழுவ. போயி மிச்சத்தைக் கொண்டா" என்றாய். கொண்டு வந்து கொடுத்தேன். நாம் பேசியது அதுதான் கடைசி. உன்னை எடுத்துக்கொண்டு போனபோது பெண்களோடு வாசலில் நின்றேன். உன் வீட்டுக்காரர் வண்டி ஓரமாக நின்றிருந்தது. நான் அதன் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் கழிந்து உன் மகள் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்தாள். மேலே இந்த டேக். "ஆன்ட்டி, நீங்க எழுதி முடிச்சப்பறம்தான் பிரிக்கணுமாம். அம்மா ரெண்டு தடவ சொன்னாங்க" என்றாள். அதனால்தான் ஐந்து மாதம் எழுதாமல் இருந்தேன். பத்திரிகைத் தம்பி வாரம் ஒரு தடவை கூப்பிட்டு, "அக்கா, அட்டைப்படம்கூட ரெடி. கொலைகாரனை மட்டும் குடுங்க" என்று கெஞ்சினான். நேற்று ஒரு வேகத்தில் எழுதிவிட்டேன். கொலை செய்தது டாக்டர். யாரும் சந்தேகப்பட முடியாத மாதிரி வைத்திருக்கிறேன், உன்னால்கூட முடியாது.

கொஞ்சம் இரு. பின்னைப் பிடுங்குகிறேன்.

பிரித்துவிட்டேன்.

'டாக்டர்தான். ரிஜெக்ட்.'

அட பாவி. எப்படிக் கண்டுபிடித்தாய்? படுத்த படுக்கையிலும் உனக்கு அந்தப் பூதக்கண்ணாடி போகவில்லை. நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னும் நாலு வரி இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

'இன்னொரு வெடிப்பும் இருக்கு. வசந்தி மோதிரத்துல நூல் சுத்தியிருக்கா. ஏன்னு கடைசி வரைக்கும் ஒருத்தருமே கேக்கல. யாராச்சும் கேக்குற மாதிரி எழுதிருடி.'

எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. நீ இதைக் கோபத்தில் எழுதினாயா, மன்னித்து எழுதினாயா என்று திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. ஒரு வேளை கதையில் இருந்த வெடிப்பை மட்டும்தான் சொன்னாயோ என்னவோ. நீ அப்படிப்பட்ட ஆள்தான்.

பத்திரிகைத் தம்பியைக் கூப்பிட்டு, இன்னும் ஒரு மாசம் ஆகும் என்று சொல்லிவிட்டேன். "என்னக்கா, முடிச்சுட்டேன்னு நேத்துதான சொன்னீங்க?" என்றான். "லாட் ரிஜெக்ட் ஆயிருச்சு தம்பி" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

டாக்டரை விடுதலை செய்துவிட்டேன். யார் கொலைகாரன் என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும், அதற்கு அவசரமில்லை. புதுத் தாளில் ஒரு கொய்யாப்பழக்காரர் வந்திருக்கிறார். மலைப்பாதையில் தனியாக நிற்கும் வசந்தியிடம் போய், "ஏம்மா, மோதிரத்துக்கு நூல் சுத்தியிருக்க? ஒடம்புக்கு என்ன?" என்று கேட்கிறார். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. சொல்லட்டும் என்று, காலையிலிருந்து முதல் தடவையாக, எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிறேன்.