இளைத்த எலி

மார்ச் 3

அருமை மருமகளுக்கு,

இப்படித்தான் ஆகும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். புளித்த பால் குடித்த உன் ஆய்வகத்து எலிகளுக்கு வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது, எடையும் ஏறியது என்று நீ எழுதியதைப் படித்து உன் அத்தை வாயைப் பிளந்தாள். நான் பிளக்கவில்லை. எனக்குத்தான் தெரியுமே!

உன் சித்தப்பா உன் போட்டோவைப் பால் கடையில் மாட்டியிருக்கிறார். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "எங்க வீட்டுப் பொண்ணு. நம்ம கடைப் பாலக் குடிச்சு வளந்தவ, அதான் புத்தி அந்தப் பக்கமே போச்சு" என்கிறாராம். கேட்டால் எரியாதா? பால் விற்றால் விஞ்ஞானியா?

நீ சின்னவளாக இருந்தபோது என் தையல் மிஷின் ரிப்பேர் கடையில் இரண்டு எலி வளர்த்தேன். ஒன்றுக்குப் புளித்த பால், மற்றதற்குச் சும்மா பால். முதலாவது பூசணிக்காய் மாதிரி ஆனது. மற்றது ஊசி மாதிரி இளைத்தது. நீ ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தாய். விதை விழுந்தது அங்கேதான். சித்தப்பாவிடம் சொல்லாதே. எலியும் தன்னுடையது என்பார்.

உன் மாமா

மார்ச் 14

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், ஆய்வகமே சிரித்தது. என் மேடம் மட்டும், "ரெண்டும் ஒரே கூண்டுலயா இருந்துச்சு? கேளு" என்றார். காரணம் உண்டு. எலிகள் ஒன்றன் புழுக்கையை இன்னொன்று தின்னும். ஒன்றின் வயிற்றிலுள்ள நல்ல கிருமி மற்றதற்கும் போய்விடும். போன வருஷம் நான் ஒன்றாக வைத்துவிட்டேன். புளித்த பாலே குடிக்காதவையும் தேறிவிட்டன. உழைப்பெல்லாம் பாழ்.

எனக்கு ஒரு எலிதான் ஞாபகம் இருக்கிறது. சித்தப்பாவைக் கேட்டால், "மாமாவையே கேளும்மா" என்கிறார். அவர் ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறார். அளவு கச்சிதம்!

உங்கள் மருமகள்

மார்ச் 22

மருமகளே,

அவரை ஏன் கேட்டாய்? தனித்தனிக் கூண்டுதான். நடுவில் தகரம் வேறு அடித்திருந்தேன். உன் மேடத்துக்கு இப்போது தெரிவது எனக்கு அப்போதே தெரியும். இளைத்த எலிக்கு உன் சித்தப்பா பெயரைத்தான் வைத்தேன். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

அந்தக் கம்பளிச் சட்டை முதல் துவையலிலேயே சுருங்கும், பார்.

மாமா

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

அடுத்த மாதம் என் ஆய்வுக்கு வாய்மொழித் தேர்வு. திரையில் முதல் படமே உங்கள் இரண்டு கூண்டுதான், நானே வரைந்தேன். கீழே உங்கள் பெயர். வீட்டிலிருந்து ஒருவரைத்தான் அழைக்கலாம். சித்தப்பாவுக்குக் கொள்ளை ஆசை. ஆனாலும், "மாமாதானே காரணம், அவரே போகட்டும்" என்று விட்டுக்கொடுத்துவிட்டார்.

தேர்வாளர்கள் குடைந்து கேட்பார்கள். ஒன்று பொய் என்று தெரிந்தாலும் மீதி எதையும் நம்ப மாட்டார்கள். இளைத்த எலியைப் பற்றிக் கேட்டால் நீங்களே எழுந்து சொல்லுங்கள், மாமா.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 9

என் கண்ணு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்கக் காட்டினேன். பால் கடை வாசலில் வேண்டுமென்றே இரண்டு தடவை நடந்தேன். உன் சித்தப்பா வெளியே வந்து, "மச்சான், போட்டுட்டுப் போக நல்ல சட்டை இருக்கா? இல்லன்னா என்னோடத எடுத்துக்குங்க" என்றார். இந்த மனுஷனோடு எப்படித்தான் சண்டை போடுவது?

உன் போட்டோவை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். என் கடையிலும் சுவர் இருக்கிறது, கண்ணு. நீ எனக்குப் போட்டோ அனுப்பவில்லை. அதுதான் குடைந்தது.

முதல் படத்தை எடுத்துவிடு. அவரையே கூப்பிடு. கொழுத்த எலி நிஜம். பொறியில் விழுந்தது, கொல்ல மனம் வரவில்லை. அது குடித்ததும் அவர் கடையில் மிஞ்சிப் புளித்த பால்தான். உன் மேடத்திடம் சொல், கூண்டைப் பற்றிய கவலையே வேண்டாம். இளைத்த எலி என்று ஒன்று இருந்ததே இல்லை.

உன் மாமா