பனங்கட்டித் துண்டின் அளவு

புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டில், நேற்று சான்ட்ரிங்ஹாம் கடைக்கு மல்லித்தூள் வாங்கப் போனவன், ஓலைக் குட்டானில் பனங்கட்டியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். எடுத்து மணந்து பார்த்தேன். கடைக்காரத் தம்பி தமிழ்நாட்டுப் பிள்ளை. "நல்ல கருப்பட்டி அண்ணே, நம்பி எடுங்க," என்றான். நான் அதற்குள் ஊரில் உன் தேத்தண்ணிக் கடை மர வாங்கிலில் மனதால் போய் உட்கார்ந்துவிட்டேன் மச்சான். நீ செத்துப்போய்விட்டாய் என்று செய்தி வந்த அன்றுகூட நான் அங்கே இப்படிப் போய் உட்காரவில்லை.

நம் சந்தியில் யாரும் பேப்பர் பார்த்து நாட்டு நிலவரம் அறிந்ததில்லை. உன் சோசரைத்தான் பார்த்தார்கள். சண்டையில் ஆமி பாதையை மூடினால் ஊருக்குச் சீனி வராது. சீனி இல்லையென்றால் ஊரே பனங்கட்டிக்கு அடிபடும். தேத்தண்ணியோடு கடிக்க நீ வைக்கும் துண்டு சிறுத்துக்கொண்டே போகும். அதைக் கண்டதும் துணிக்கடைக்காரர் சரக்கை மூட்டை கட்டுவார், வான்காரர் டீசலைப் பதுக்குவார். "இது எனக்கோ, எறும்புக்கோ?" என்று ஒருமுறை கேட்டேன். "கண்ணால பாத்துக்கொண்டு குடி, இனிக்கும்," என்றாய். கஞ்சன் என்று நாங்கள் கூப்பிட்டால் உனக்கு ஒரே சந்தோஷம்.

என் மனைவி நிறைமாதமாக இருந்தபோது பாதை மறுபடி மூடியது. சண்டை நம் பக்கம் வருகிறது என்று கதை பரவி, சனம் வெளிக்கிடத் தொடங்கியது. அவளை அசைக்கவே கூடாது என்று மருத்துவிச்சி அம்மா சொல்லியிருந்தார். ஊரில் மிஞ்சியிருந்த ஒரே மருத்துவிச்சி அவர். அவரும் பையோடு புறப்பட்டு, வழியில் உன் கடையில் நின்றார். நான் கெஞ்ச வாயெடுப்பதற்குள் நீ அவர் முன்னால் சோசரை வைத்தாய். அதில் பாதிக் குட்டான் பனங்கட்டி.

"என்ன தம்பி, பாதை திறந்திட்டாங்களோ?"

"முதல்ல குடியுங்கோ அம்மா."

அடுத்து வந்த எல்லாருக்கும் அதே அளவு. துணிக்கடைக்காரர் மூட்டையை அவிழ்த்தார். மருத்துவிச்சி பையோடு வீட்டுக்குத் திரும்பினார். அந்தக் கிழமையே என் மகள் பிறந்தாள். உன் வீட்டுக்கென்று ஒளித்து வைத்திருந்ததை எல்லாம் நீ வெட்டிக் கொடுத்துவிட்டாய் என்பதும், உன் பிள்ளைகள் பிறகு வெறும் தேத்தண்ணி குடித்தார்கள் என்பதும் பின்னால்தான் எனக்குத் தெரிந்தது.

"நீ மறிச்ச சனத்துக்கு மேல செல் குண்டு விழுந்திருந்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விழுந்திருந்தா இப்பிடிக் கேக்க நீ இருந்திருக்க மாட்டாய்," என்று சிரித்தாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தக் கிழமை முழுக்க எனக்கும் நித்திரை வரேல்லையடா," என்றாய். அந்த ஒரு சொல்லுக்காக உன்மேல் எனக்கு எவ்வளவு பாசம் தெரியுமா? இருந்தபோது சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் அந்த மகள் வந்தாள். மங்கரேயில் அவள் வேலை செய்யும் சரக்குக் கொம்பனி ஆட்களைக் குறைக்கிறதாம், அவளையும் நிறுத்திவிட்டார்கள். வீட்டுக் கடன் மோர்ட்கேஜை எப்படிக் கட்டுவது என்று ஆங்கிலத்தில் புலம்பிவிட்டு மேசையில் தலையைக் கவிழ்த்தாள். எனக்கும் ஒரு வழியும் தெரியவில்லை. தேத்தண்ணி ஊற்றினேன். கறிக்கத்தியால் பனங்கட்டியை வெட்டி சோசரில் வைத்தேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, இட்ஸ் ஹியூஜ்!"

பாதை திறந்துவிட்டதா என்று கேட்க அவளுக்குத் தெரியாது.

"முதல்ல குடி பிள்ளை," என்றேன்.