ஏழாம் நம்பர் மலையில் விழுந்த ட்ரோன்

மார்ச் 7, சனி

காலையில் பனிமூட்டம். எதிர் மலை வெகுநேரம் தெரியவில்லை. விரல் விறைக்கும் குளிர்.

ட்ரோன் விழுந்துவிட்டது.

நடந்ததை முதலில் ஒழுங்காக எழுதிவிடுகிறேன், பிறகு அழலாம். என் வகுப்பு யாழினி பதுளையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தாள். இடம்: ஏழாம் நம்பர் மலையின் அடி, ஓடைப் பாறை. வேலை: தேயிலை நிரைகளை மேலிருந்து படம் பிடிப்பது. நிரைகள் மலையைச் சுற்றி ஒரே மட்டத்தில் ஓடுகின்றன. மேலிருந்து பார்த்தால் புவியியல் புத்தகத்தில் உள்ள சமவுயரக் கோடுகள் மாதிரியே இருக்கும் என்பது என் யோசனை. புவியியல் டீச்சருக்குப் பிடித்துப்போய், மாதக் கடைசிப் பள்ளிக் கண்காட்சியில் எங்கள் இருவருக்கும் ஒரு மேசை ஒதுக்கிவிட்டார்.

ரிமோட் யாழினியிடம். எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். எனக்குக் கட்டைவிரல் நடுங்கும். ட்ரோன் சரிவோடு மேலே மேலே ஏறியது. ரிமோட்டில் சார்ஜ் மூன்று கட்டை. உச்சியை நெருங்கும்போது சத்தம் மெலிந்தது. மூன்று கட்டை ஒன்றாகி, அதுவும் போய், கல் மாதிரி விழுந்தது.

கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டு சரசு அக்கா செடிக்குள்ளிருந்து தூக்கிக் காட்டினார். “அடியே நிரோ, ஒன் தும்பி செத்துப்போச்சுடி!”

கங்காணி: “காலையிலயே விழுந்துருச்சா? அப்ப அதுக்கு இன்னைக்கு அரைப் பேருதான்.”

அரை நாள் சம்பளம்தானாம். மலையே சிரித்தது. அம்மாவும் கூடையோடு நின்று சிரித்தார், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

யாழினி சிரிக்கவில்லை. ரிமோட்டை என் மடியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

நல்ல வெயில். உடுப்பெல்லாம் காய்ந்தது.

சேதம்:
– விசிறி மூன்று உடைவு. மாமா தந்த உபரி நான்கு இருக்கிறது. பிழைத்தோம்.
– ஒரு கையில் விரிசல். பசை போட்டு, தையல் நூலால் இறுக்கிச் சுற்றி, மறுபடி பசை.
– மோட்டர் நான்கும் சுற்றுகின்றன. ஒன்றுக்குள் தேயிலைத் துணுக்கு, ஊசியால் எடுத்தேன்.
– கமரா நலம்!!
– பேட்டரி: வெளியே ஒரு கீறலும் இல்லை.

கொழும்பில் போன் திருத்தும் மாமா பழையதாக வாங்கித் தந்த ட்ரோன் இது. இவ்வளவு பொறுமையாக என்னைப் பொறுத்துக்கொண்ட பொருள் வேறில்லை.

அம்மா: “ஒட்டிட்டியா? பறக்குமா?”

“பறக்கும்மா.”

“அப்ப ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்க?”

யாழினிக்கு மூன்று தடவை செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் இல்லை.

மார்ச் 9, திங்கள்

பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. இடைவேளையில் யாழினியைப் பிடித்தேன்.

“நான் இனித் தொடமாட்டன். நான்தான் கெதியா, ஒரே மூச்சில ஏத்திப்போட்டன்.”

“நீ ஒன்னும் பண்ணல. சத்தம் தானாத்தான் கொறஞ்சுச்சு.”

“சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத. என்ர கையிலதானே விழுந்தது. உன்ர மாமா தந்த சாமான், நீயே ஓட்டு.”

“நான் ஓட்டினா அது நேரா கோயில் கோபுரத்துல போய் உக்காந்துக்கும்.”

உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாள் என்று நினைக்கிறேன். அப்புறம் புத்தகத்தைத் திறந்து அதற்குள் போய்விட்டாள்.

அவள் ஓட்டாவிட்டால் படம் இல்லை. படம் இல்லாவிட்டால் மேசை இல்லை. மேசை போனாலும் பரவாயில்லை. மதியச் சாப்பாட்டைத் தனியாகச் சாப்பிட்டது பிடிக்கவில்லை.

ஆறுதல் அவளுக்கு வேண்டாமாம். சரி, ஆதாரம் தேடலாம்.

மார்ச் 10, செவ்வாய்

பின்னேரம் மழை. அட்டை கடி ஒன்று, இடது கணுக்கால்.

இருட்டும் நேரம். எங்கள் லயத்தின் வரிசை வீடுகளில் எல்லாம் ஒன்றாகக் கரண்ட் கேத்தல், டீவி, அயன். வழக்கம்போல எங்கள் பல்பு மஞ்சளாகிச் சுருங்கியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சரசு அக்கா: “எவடி அது கேத்தலப் போட்டது? என் நாடகம் நின்னுபோச்சு!”

தினமும் நடப்பதுதான். இன்றுதான் மண்டையில் உறைத்தது. யாரும் ஒன்றும் போடாத மத்தியானத்தில் எங்கள் கரண்ட் எவ்வளவு நல்ல கரண்ட்! பாரம் ஏறும்போதுதான் அதன் குணம் தெரிகிறது. பேட்டரியை நான் எப்போதும் சும்மா கிடக்கும்போதே அளந்திருக்கிறேன். மலை ஏறும்போது அளந்ததே இல்லை.

மலைக்கு மீட்டரை அனுப்ப முடியாது. பாரத்தை வீட்டுக்குக் கொண்டுவரலாம்.

தோட்டத்து ட்ரக்டர் ஓட்டுகிற அப்பாவிடம் பழைய முன்விளக்கு பல்பு ஒன்று கேட்டேன். “எதுக்கு, தும்பிக்கு ஹெட்லைட் போடப்போறியா?” என்றார். ஆனால் தருவார்.

மார்ச் 11, புதன்

எங்களிடம் இருப்பது இரண்டு பேட்டரி. ஒருத்தி மறந்தாலும் மற்றவள் கொண்டுவருவாள் என்று ஆளுக்கொன்று வைத்திருந்தோம். சனிக்கிழமை விழுந்தது என்னிடம் இருந்தது. அவளிடம் இருந்ததைக் கேட்டேன். திருப்பித் தரவே கொண்டுவந்திருந்தாள்போல, சாப்பாட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். “இந்தா, உன்ர பற்றரி.”

‘உன்ர’. போன வாரம்வரை ‘எங்கட’.

பின்னேரம் வாசல் படியில் சோதனை. தீப்பிடித்தால் கொட்ட, பக்கத்தில் அப்பா மணல் வாளியோடு. இரண்டும் முழுச் சார்ஜ். சும்மா அளந்தால் இரண்டும் பன்னிரண்டரை வோல்ட், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பல்பைக் கொடுத்தேன். அவளுடையது பன்னிரண்டில் அசையாமல் நின்றது. வெள்ளை வெளிச்சம். என்னுடையது பத்துக்குச் சரிந்து, இன்னும் இறங்கிக்கொண்டே போனது. பல்பு எங்கள் வீட்டுப் பல்பு மாதிரி மஞ்சள்.

அகத்தடை! பேட்டரிக்குள்ளேயே இருந்து கரண்டைத் தடுப்பது. விஞ்ஞானப் புத்தகத்தில் பார்த்துப் பாடமாக்கிய சொல். இன்று கண்ணால் பார்த்தேன்.

மேசையில் வைத்தால் என்னுடையது ஆடுகிறது. நடுவில் லேசாக உப்பல். அப்பா: “இதுக்கு வயித்துல காத்துப் புடிச்சிருக்கு.” இனி இதைச் சார்ஜ் செய்யக்கூடாது. மணல் வாளியில் போட்டு வெளியே வைத்தாயிற்று, மாமா வந்து எடுத்துப் போவார். நல்லதை, கெட்டது எப்போதும் இருந்த என் பிஸ்கட் டின்னில் போட்டு, புத்தகத் தட்டில் வைத்தேன்.

யாழினி மேல் தவறில்லை. நிரூபணம் ஆயிற்று. ஆனால் ஏன் கெட்டது என்று கேட்பாளே? ஒரே நாளில் வாங்கியவை, மாறி மாறித்தான் பறந்தவை.

மார்ச் 12, வியாழன்

மாமாவுக்கு போன். விசயத்தைச் சொன்னேன்.

“வந்த ஒடனே ஃபுல்லா சார்ஜ் பண்ணி வச்சிருவியா?”

“ஆமா மாமா. யூனிபோர்ம் அயன் பண்ணி வைக்கிற மாதிரி.”

“அதான் தப்பு. பறக்காத நாள்ல பாதிதான் இருக்கணும். பறக்கிற அன்னைக்குக் காலையில நெரப்பு. ஆனா அதுக்கே இவ்வளவு உப்பாதே. சூடு கீடு பட்டுச்சா?”

இந்தக் குளிரிலா? எங்களுக்கே சூடு கிடைப்பதில்லை. போனை வைத்ததும் நல்ல பேட்டரியைப் பல்பில் கொடுத்துப் பாதிக்கு இறக்கினேன்.

யாழினி தன்னுடையதைப் பறந்து வந்த மாதிரியே இரும்பு அலுமாரியில் போட்டுவிடுவாள். சார்ஜ் போடப் பஞ்சி. அவளுடைய சோம்பல் பேட்டரியைக் காத்தது, என்னுடைய ஒழுங்கு கெடுத்தது! எப்போதும் ஒழுங்கைப் பற்றியே பேசும் தமிழ் வாத்தியாருக்கு இது தெரியக்கூடாது.

மார்ச் 13, வெள்ளி

இருட்டோடு முழிப்பு. புத்தகத் தட்டில் டின் இல்லை.

அடுப்புக்கு மேலே, பரணில் இருந்தது. இந்தப் பக்கம் என் சப்பாத்து, அந்தப் பக்கம் கருவாட்டுப் பொட்டலம். கீழே அடுப்பு எரிந்தது. தொட்டேன், சுட்ட ரொட்டி மாதிரி இருந்தது. உள்ளே எங்களிடம் மிச்சமுள்ள ஒரே நல்ல பேட்டரி!

“அம்மா, இத யாரு இங்க வச்சது?”

“நாந்தான். தெனம் நாந்தான வைக்கிறேன். பனி எறங்குதுல்ல, ஈரம் பட்டா வீணாப் போயிரும். நீ எந்திரிக்க முந்தி எடுத்து வச்சிருவேன்.”

டின்னின் அடியில் கரி. எத்தனை தடவை துடைத்திருப்பேன், ஒரு தடவையாவது யோசித்தேனா?

எங்கள் வீட்டில் ஈரம் படக்கூடாத எல்லாம் அந்தப் பரணுக்குத்தான் போகும். தீப்பெட்டி, சப்பாத்து, அப்பாவின் லைசன்ஸ், என் பிறப்புச் சான்றிதழ். அதாவது முக்கியமானவை எல்லாம். அந்த வரிசையில் என் பேட்டரியையும் சேர்த்திருக்கிறார். அதைச் சொல்லிக் குறையாக்க வாய் வரவில்லை. ஆனாலும் அடுப்புச் சூட்டில்தான் மற்ற பேட்டரி உப்பியது என்று சொன்னேன்.

அம்மா பரணை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப அந்தப் புள்ள மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போனது என்னாலயா?”

“ஒன்னால மட்டும் இல்லம்மா. நான் ஃபுல்லா நெரப்பினேன். நீ சூடாக்கின. குளிர்ல பேட்டரிக்குத் தெம்பு கொறையும், மிச்சத்த அது பாத்துக்கிச்சு.”

“அவ என்ன பண்ணுனா?”

“ஒன்னும் பண்ணல. ஆனா நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைப்பா.”

அம்மா கூடையை எடுத்தார். பெரட்டுக்கு, காலையில் பேர் கொடுக்க, நேரமாகிவிட்டது. வாசலில் நின்று, “நாஞ் சொல்றேன்,” என்றார்.

(அளந்து பார்த்தேன். நல்ல பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு இரவு அவ்வளவுதானே. இனி அதன் இடம் கட்டிலுக்கடியில் தகரப்பெட்டி.)

மார்ச் 15, ஞாயிறு

அம்மா நல்ல சேலை கட்டி, ஒரு பை போஞ்சிக்காய் எடுத்துக்கொண்டு, என்னோடு பதுளைக்கு வந்தார். பஸ்ஸில் பேசவே இல்லை. யாழினியின் அம்மா எங்கள் பள்ளியில் டீச்சர். அந்த வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும்போது அம்மாவுக்குக் கூச்சம், எனக்குத் தெரியும். உட்காரவில்லை. நின்றபடியே:

“பாப்பா, ஒங்க பேட்டரிய வேக வச்சது நாந்தான்.”

யாழினி முழித்தாள். “என்ன அன்ரி?”

அம்மா எல்லாம் சொன்னார். அடுப்பு, பனி, பரண், கருவாடு.

“கருவாடோ!” யாழினி துள்ளி எழுந்தாள். “அதுதான் அண்டைக்குப் பற்றரி மணத்தது! நான் நிரோன்ர சாப்பாட்டுப் பெட்டி எண்டெல்லோ நினைச்சன்!”

எல்லோரும் சிரித்தோம். அவளுடைய அம்மா தேத்தண்ணியைச் சிந்திவிட்டார். சிரித்துமுடித்த பிறகு யாழினி மெதுவாகக் கேட்டாள்: “ஒண்டுதானே மிச்சம். அதையும் விழுத்திப்போட்டா?”

அம்மா: “விழுந்தா எடுத்துத் தாரோம். போன தடவையும் நாங்கதான எடுத்தோம்?”

யாழினி வருவாள். சனிக்கிழமை. பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஹொட்டல் வடை வாங்கித் தந்தார், தானும் ஒன்று சாப்பிட்டார். வழி முழுக்கப் பேச்சு.

மார்ச் 21, சனி

பனி சீக்கிரம் கலைந்தது. காற்று குறைவு.

இன்றைய முறை: பேட்டரி காலையில்தான் நிரப்பியது. மலைக்குப் போகும்வரை என் ஸ்வெட்டருக்குள். குளிரில் நேரே ஏற்றாமல் தலை உயரத்தில் கொஞ்சநேரம் நிறுத்தி வைத்தல். கீழிருந்து ஏறாமல் மேல் ரோட்டிலிருந்து கிளம்புதல். சார்ஜ் குறைந்தால் கத்தும் சின்னப் பெட்டி ஒன்று, மாமா பஸ்ஸில் கொடுத்து அனுப்பியது. அது கத்தினால் படம் முடியாவிட்டாலும் திரும்பிவிட வேண்டும்.

யாழினி ரிமோட்டை வாங்கி உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்தாள்.  நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

ஏறியது. போன் திரையில் ஏழாம் நம்பர் மலை. கோட்டுக்குக் கீழே கோடு, அதற்குக் கீழே இன்னொரு கோடு, செங்குத்தான இடத்தில் நெருக்கமாக, சாய்வான இடத்தில் அகலமாக. புத்தகத்தில் இருந்ததேதான், பச்சையில். நடுவில் கொழுந்துக்காரர்கள் புள்ளி புள்ளியாக. ஒரு புள்ளி கை காட்டியது. அம்மா.

பெட்டி கத்தியது. இன்னும் ஒரு சுற்று மிச்சம். நான் வாயைத் திறக்கும் முன்பே யாழினி திருப்பிவிட்டாள். விரித்திருந்த சாக்கின் நடுவில் கோழி உட்காருகிற மாதிரி இறக்கினாள்.

கீழிருந்து கங்காணியின் குரல்: “இன்னைக்கு முழுப் பேரு போட்டுரலாம்!”

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் மேலே வந்துவிட்டார்கள். நான் பேட்டரியைக் கழற்றி, வேறு இடமில்லாமல் அம்மாவின் கையில் கொடுத்தேன். அம்மா இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். “அய்யோ, சுடுதே. இத எங்கடி வைக்கிறது?”

சரசு அக்கா: “கருவாட்டுப் பக்கத்துல வை!”

யாழினி கையை நீட்டினாள். “இஞ்ச தாங்கோ அன்ரி. அது என்ர பற்றரி.”