கோமாரி வருடத்துப் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

பதினேழு வருடம் கழித்து அண்ணன் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பதறாதே. எல்லோரும் இருக்கிறோம். உன் அண்ணிக்கு முழங்கால் வலி, எனக்கு வழக்கம்போல ஊர்மேல் கோபம். வேறு குறையில்லை.

கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இல்லாவிட்டால் கேட்காமலே கடிதத்தை முடித்துவிடுவேன். நீ போகும்போது தவழ்ந்துகொண்டிருந்த என் மகளுக்கு, நீ இருக்கும் நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் வருடம் விடுதியில் அறை கிடையாதாம். உன் வீட்டில் அவளுக்கு ஒரு மூலை வேண்டும். வேறு யாரிடமாவது கேட்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். உன் அண்ணி, "சித்தப்பன் வீடு இருக்கும்போது பிள்ளைய ஊரான் வீட்ல விடுவாங்களா? எழுதுங்க" என்று காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். உன் முகவரியும் அவள் கொடுத்ததுதான். அவளிடம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமைச் சந்தை இன்னும் நடக்கிறது. லாரிகள் பள்ளிக்கூட வாசல்வரை வரிசை கட்டி நிற்கின்றன. எடைமேடையில் இப்போது சிவப்பு எண்கள் ஓடுகின்றன. வாங்க வருகிறவர்கள் மாட்டைப் பார்ப்பதைவிடப் போனைத்தான் அதிகம் பார்க்கிறார்கள். வங்கியைச் செவ்வாயும் புதனும் மட்டும் திறக்கிறார்கள். மற்ற நாட்களில் அதன் படியில் கன்றுக்குட்டிகள் படுத்திருக்கின்றன. லாடம் அடிப்பவர் மகன் டயர் கடை வைத்துவிட்டான்.

லாரியின் சாய்மேடையில் ஏற மாடுகள் மிரளும், உனக்குத் தெரியாததல்ல. அதற்காகப் பழக்கிய எருது ஒன்று இப்போதும் இருக்கிறது. வெள்ளை நெற்றி, ஒற்றைக் கொம்பு. அது நிதானமாக முன்னால் ஏறும், மற்றவை அதன் பின்னால் ஏறும். எல்லாம் ஏறியதும் பக்கத்துக் கதவு வழியாக இது மட்டும் இறங்கி வந்து தவிடு தின்னும். அதற்கு ஊர் வைத்திருக்கும் பெயர் 'வாத்தியார்'. இருபத்தெட்டு வருடமாகப் பிள்ளைகளைப் படிக்கவைத்து பஸ் ஏற்றிவிட்டு நான் மட்டும் திரும்பி வருகிறேனாம். பெயர் வைத்தவன் கசாப்புக்கடைக்காரன். என்னிடம் சரித்திரத்தில் மூன்று முறை தோற்றவன், வேறென்ன செய்வான். அந்த எருதைக் கண்டாலே எனக்கு ஆகாது. ஆனாலும் வீட்டில் தர்பூசணி வெட்டினால் தோலை அதற்குத்தான் கொண்டுபோகிறேன்.

சந்தைக்கு இது நூறாவது வருடம். கமிட்டி ஒரு சிறு புத்தகம் போடுகிறது. எழுதத் தெரிந்த ஆள் வேறு கிடைக்காததால் என்னிடம் வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். மேட்டுப் புல்வெளியிலிருந்து மாடு ஓட்டி வந்தவர்கள் தண்ணீர் காட்ட நின்ற இடம் இது. ஒரு கிணறும் ஒரு கொட்டகையும்தான் இருந்தன. ரயில் வந்த பிறகுதான் ஊர் வந்தது. ரயில் நின்றபோது ஊரும் போயிருக்க வேண்டும். போகாமல், ஒதுக்கிப்போட்ட மாட்டு வேகன்களைப் பிரித்து அந்தப் பலகைகளில் பட்டிக் கதவு செய்துகொண்டு தங்கிவிட்டது. நம் பட்டிக் கதவில் அந்த வேகன் எண் இன்னும் மங்கலாகத் தெரிகிறது.

கமிட்டித் தலைவரான தோல் வியாபாரி என்னிடம், "சார், கோமாரி வருஷத்த மட்டும் விட்டுருங்க. நல்ல காரியத்துல எதுக்கு அது?" என்றார். விட்டுவிட்டுத்தான் எழுதினேன். மகள் படித்துப் பார்த்தாள். "சித்தப்பா வாசல்லயே கண்டுபிடிக்கலேன்னா அந்த நோய் எத்தன ஊருக்குப் போயிருக்கும்? அப்புறம் எதுக்குப்பா அவர வெரட்டுனாங்க?" என்று கேட்டாள். எந்த ராஜா ஏன் தோற்றான் என்று கேட்டால் நான் தூக்கத்திலும் சொல்வேன். இதற்குச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

நீ அப்போது சந்தை வாசலில் மாட்டின் வாயைத் திறந்து பார்த்து உள்ளே விடும் வேலையில் இருந்தாய். நான் நம் செவலைப் பசுவைப் பிடித்துக்கொண்டு வந்தேன். நாக்கில் கொப்புளம் இருந்தது. "அண்ணா, காலையில இது நாக்கப் பாத்தியா?" என்று கேட்டாய். "பாக்கல" என்றேன். நீ வாசலைச் சாத்திவிட்டு மாட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினாய். சந்தை எட்டு மாதம் மூடிக் கிடந்தது. நோய் பரவாமலிருக்க நம் பட்டியில் இருந்த இருபத்திரண்டு மாடுகளையும் அதிகாரிகள் கொன்று குழியில் தள்ளினார்கள். அப்பா உன்னைப் பார்த்து, "இனி இந்தப் பட்டிக்குள்ள கால் வெக்காத" என்றார். ஊரும் சேர்ந்துகொண்டது. நான் சும்மா நின்றேன். அப்பா இறந்த அன்று நீ வந்து பட்டிக் கதவுக்கு வெளியே அந்த வேகன் பலகையைப் பிடித்தபடி நின்றதைப் பார்த்தேன். உள்ளே வா என்று சொல்ல வாய் வரவில்லை.

தம்பி, நான் பார்த்தேன். அன்று காலை தண்ணீர்த் தொட்டியடியில் அதன் வாயில் எச்சில் கயிறுபோல் தொங்கியது. வாயைத் திறந்து நாக்கையும் பார்த்தேன். கைமாறிவிட்டால் வாங்கினவன் பாடு என்று துண்டால் துடைத்துவிட்டு ஓட்டி வந்தேன். வீட்டில் படித்தவன் நான்தான். பிறகு உன்மேல் கோபமாக இருப்பது எனக்குச் சௌகரியமாகிவிட்டது.

அந்த வருடத்தையும் எழுதிச் சேர்த்துவிட்டேன். மாட்டைக் கொண்டுவந்தவனுக்கு நோய் இருப்பது முன்பே தெரியும், அவன் இதை எழுதுகிறவன்தான் என்றும் எழுதியிருக்கிறேன். தோல் வியாபாரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அச்சுக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்தின் பிரதி இத்துடன் இருக்கிறது. மகளும் படித்தாள். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. இன்று காலை மட்டும், "லெட்டர் போட்டாச்சா?" என்று கேட்டாள்.

இதைப் படித்தபின் இடமில்லை என்று நீ சொன்னால் அது நியாயம்தான். ஆனால் சொல்லிவிடாதே. அடுத்த மாதம் கல்லூரி திறக்கிறது. அவளை நான்தான் பஸ் ஏற்றிவிட வேண்டும். கசாப்புக்கடைக்காரன் பார்த்துக்கொண்டு நிற்பான், நிற்கட்டும்.

நீயும் ஒரு செவ்வாய்க்கிழமை குடும்பத்தோடு வா. அப்பா சொன்னதை அப்பாவால் இனித் திருப்பி எடுக்க முடியாது. நான் கதவுக் கொண்டியை எடுத்துவிட்டு நிற்கிறேன். உன் வீட்டில் அனைவருக்கும் என் ஆசிகள். குழந்தைகள் எத்தனை பேர் என்று எழுது.

இன்னும் ஒன்று. என் மகளுக்குக் கோபம் வந்தால் ஓர் ஓரமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பாள். அது என்னிடமிருந்து வந்த புத்தி. அப்படியே விட்டுவிடாதே. அரை மணி நேரம் பொறுத்து, சாப்பிட வா என்று நீயே கூப்பிட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அண்ணன்