மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி

பாளையம்பட்டி,
சனிக்கிழமை காலை.

அன்பு மகன் சாம்ராஜுக்கு அம்மா எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அப்பாவின் முழங்கால் ஒன்றைத் தவிர. உன் சுகத்தை அறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் எப்போது கேட்டாலும் 'நல்லா இருக்கேம்மா' என்ற ஒரே பதிலைத்தான் நீ கையில் வைத்திருக்கிறாய், அதனால் உன் சுகத்தை ஆண்டவரிடமே விசாரித்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ நாற்பது 'சரிம்மா' போட்டுவிடுகிறாய், சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. காகிதம் என்றால் நான் முடிக்கும் வரை நீ கேட்டுத்தான் ஆகவேண்டும். விஷயம் உன் தங்கச்சி ஈவாவின் நிச்சயத் தேதி. ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை என்று அப்பா குடும்ப வாட்ஸப்பில் போட்டார். அன்று பேங்கில் வருஷக் கணக்கு முடிக்கிற நேரம், லீவு கிடைக்காது, பரவாயில்லை நடத்துங்கள், நான் வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ பதில் போட்டாய், கூடவே ஒரு கும்பிடு. அந்தப் பரவாயில்லையைப் பற்றித்தான் இத்தனை பக்கமும். பாதியில் மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதே.

இங்கே மிளகாய் எடுப்பு நடக்கிறது. திருச்சுழி ரோட்டுக் காட்டில் இந்த வருஷம் காய்ப்பு மோசமில்லை, பழத்தை வாசல் முழுக்கக் காயப் போட்டிருக்கிறோம், போகிறவர் வருகிறவர் எல்லாம் தும்மிக்கொண்டே நலம் விசாரிக்கிறார்கள். ஈவா உன் வழியிலேயே பேங்க் பரீட்சைக்கு விடாமல் படிக்கிறாள். கல்யாணம் ஆனாலும் எழுதுவேன் என்று பாலவனத்தத்துக்காரர்கள் பெண் பார்க்க வந்த அன்றே சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை ரூபனும் தாராளமாக எழுதட்டும் என்றுதான் சொன்னார். அவள் தடுக்கி விழுவதெல்லாம் ரீசனிங்கில் வருகிறதே, அந்த சீட்டிங் அரேஞ்ச்மென்ட், அதில்தான். நீயும் ஒரு காலத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு 'பி-க்கு வலது, டி-க்கு எதிரே' என்று முணுமுணுப்பாய், பையனுக்குக் காற்றுக் கருப்பு அடித்துவிட்டதோ என்று நான் பயந்த நாள் உண்டு.

சாயங்காலம் மிளகாயைக் குவித்துச் சாக்கு மூடிய பிறகு நானும் அவளும் கூடத்தில் உட்கார்ந்துவிடுவோம். நான் குறிப்புகளை வாசிக்க வேண்டும், அவள் படம் போட வேண்டும், வாசிக்க ஆள் இருந்தால் கை வேகமாக ஓடுகிறதாம். எட்டுப் பேர் இரண்டு வரிசையில் எதிரெதிராக உட்கார்ந்திருக்கிறார்கள், பி என்பவர் டி-க்கு இடப்பக்கம் இரண்டாவது ஆள், எஃப்புக்கு எதிரே இருப்பவர் ஓரத்தில் இல்லை, இப்படியே போகும். எட்டுப் பேர் பந்தி போட்டு உட்கார்ந்து ஒருத்தரும் ஒரு வாய் சாப்பிடவில்லை, இதென்னடி கூத்து என்று முதலில் சிரித்தேன். பிறகு எனக்கே பித்துப் பிடித்துவிட்டது. அடுப்படியிலிருந்து டம்ளர்களைக் கொண்டு வந்து தரையில் இரண்டு வரிசையாக வைத்து நானும் போட ஆரம்பித்தேன். முதலில் போட்டதெல்லாம் தப்பு. எதிரே இருப்பவருக்கு வலது பக்கம் எனக்கு இடது பக்கம் என்பது மண்டையில் ஏறவே இல்லை. இத்தனைக்கும் கோயில் அசன விருந்தில் இரண்டு பந்திக்கும் நடுவில் சோற்று வாளியோடு வருஷா வருஷம் நடக்கிறவள் நான், இலையில் உப்பு எந்தப் பக்கம் என்று கை தானாகப் போகும், டம்ளர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் குழம்புகிறது. ஈவாதான் 'எதுக்க நின்னு பாத்தா அப்பிடித்தாம்மா கொழம்பும், அவுக முதுகுக்குப் பின்னால போயி உக்காந்து பாரு' என்றாள். எழுந்து போய் டம்ளருக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன், உடனே விளங்கிவிட்டது. அப்பா வாசலில் இருந்து பார்த்துவிட்டு, ரெண்டு பேருக்கும் மிளகாய் நெடி தலைக்கேறிவிட்டது என்றார்.

அப்புறம் ஒரு நாள் ஒரு கணக்கு வந்தது. அசையாத குறிப்பை முதலில் போட வேண்டும், 'இல்லை, அல்ல' என்று வருவதைக் கடைசியில் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லிக் கொடுத்தபடியே போட்டு ஏழு பேரை உட்கார வைத்துவிட்டேன். எட்டாவது ஆள் ஹெச். குறிப்புகளை மேலிருந்து கீழ்வரை இரண்டு மூன்று தடவை வாசித்துப் பார்க்கிறேன், ஹெச் பற்றி ஒரு வரி கிடையாது. ஏதோ விட்டுப்போயிற்று, கேள்வியே தப்பு என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'அந்தாளப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலம்மா, மிச்சம் இருக்கிற எடந்தான் அவருக்கு' என்றாள். கணக்கு சரிதான், விடையும் வந்துவிட்டது. எனக்குத்தான் அந்த டம்ளரைக் கொண்டு போய் அந்த மூலையில் வைக்கும்போது மனசு சரியில்லை. ஏன் என்று அன்றைக்குத் தெரியவில்லை, மாவு கரைக்க எழுந்து போய்விட்டேன்.

அடுத்த வாரம் நிச்சயத்து விருந்துக்கு யார் யாரை எங்கே உட்கார வைப்பது என்ற பேச்சு வந்தது. வீட்டு முன்னால் பந்தல் போட்டு நீள மேசை, ஒரு பக்கம் அவர்கள், எதிர்ப் பக்கம் நாம். இது ஈவாவின் கேள்வித்தாளைவிடக் கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. தங்கையா பெரியப்பா நம் கோயில் போதகர் ஐயருக்குப் பக்கத்தில்தான் உட்காருவார், ஐயர் ஜெபம் பண்ணும்போது படத்தில் அவரும் விழ வேண்டும். பால்சாமி மாமாவும் பெரியப்பாவும் போன கிறிஸ்துமஸ் பஜனையில் முட்டிக்கொண்டதிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, அதனால் பக்கத்திலும் கூடாது, எதிரிலும் கூடாது. குணசீலி அத்தைக்கு ஃபேன் காற்று வேண்டும், ஆனால் தலைக்கு நேராக வேண்டாம். தேதி வைத்ததும் இப்படித்தான் நடந்தது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாளில் கூடாது என்றார் பெரியப்பா. மாப்பிள்ளையின் அண்ணன் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருக்கிறார், ஏப்ரல் முதல் வாரத்திலேயே கிளம்ப வேண்டும், அதே வாரம் ஐயருக்குக் கன்வென்ஷன் கூட்டம், மாமாவுக்குக் கடையில் பங்குனிப் பொங்கல் வியாபாரம். எல்லோருடைய குறிப்பையும் போட்டுப் பார்த்ததில் மிஞ்சிய ஒரே நாள் அந்தத் திங்கட்கிழமை. அதில் உன் குறிப்பு என்று ஒன்று இல்லவே இல்லை. யாரும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை, தேதி வைத்தான பிறகு பரவாயில்லை என்றாய்.

நானும் ஈவாவும் டம்ளரை வைத்து விருந்து மேசையைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது மாமா வந்தார். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், நிச்சயச் சாப்பாட்டில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலி பெண்ணின் அண்ணன் தம்பிக்கு, அவர்கள் வரிசையில் நம் ஆள் அவன் ஒருவன்தான். மாமா நின்றபடியே பார்த்துவிட்டு 'சாமுதான் வரலேல்ல, நம்ம ஜெயக்குமாரு உக்காந்துக்கிடட்டும்' என்று தன் மகன் பேரைச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்பாவும் சரி என்பதுபோல் தலையாட்டினார். நானும் ஒரு டம்ளரை எடுத்து அங்கே வைத்தேன். ஈவா கை நீட்டி அந்த டம்ளரை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு 'அது அண்ணன் எடம், காலியாவே கெடக்கட்டும்' என்றாள். மாமா போன பிறகு ஈவாவிடம், உனக்கு இந்தத் தேதி பிடிக்கவில்லை என்றால் முதலிலேயே வாயைத் திறந்திருக்கலாமே என்று கடிந்துகொண்டேன். அதற்கு அவள் 'பரீட்சை எழுதுவேன்னு ஏற்கனவே ஒரு கண்டிசன் போட்டாச்சும்மா, ரெண்டாவதும் போட்டா வாயாடின்னு சொல்ல மாட்டாகளா? எனக்கு அண்ணன் இருக்கணும், அவ்வளவுதான். எந்தத் தேதின்னாலும் சரி' என்றாள். பார், கல்யாணப் பெண்ணையும் யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் அந்த ஹெச் டம்ளர் எதற்காக என்னை அப்படிக் குடைந்தது என்று புரிந்தது. உன் திடப்படுத்தல் ஆராதனை அன்று கோயிலில் எடுத்த போட்டோ இன்னும் பீரோ மேலே இருக்கிறது, அதில் பாதி தோளோடு நீ ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கிறாய், ஏனய்யா உள்ளே தள்ளி நிற்கவில்லை என்று கேட்டதற்கு, போட்டோக்காரர் சொன்ன இடத்தில் நின்றேன் என்றாய். காரில் எங்கே போனாலும் பைகளோடு பின்னால் நீ. அஸ்ஸாமில் வேலை என்று உத்தரவு வந்தபோதும் 'எங்க இருந்தா என்னம்மா' என்றாய். நாங்களும் தங்கமான பிள்ளை, ஒரு தொந்தரவு இல்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசினோம். எனக்கு இப்போது அந்தப் பெருமையை நினைத்தால் கோபம் வருகிறது. எங்கள் மேல் மட்டுமில்லை, உன் மேலும்தான். கேட்காதவனுக்குக் கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது சாமு, பெற்றவளுக்கே தோன்றவில்லையே.

மறுநாள் ரவிக்கைத் துணி எடுக்க டவுனுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு விருதுநகர் பஸ்ஸில் ஏறிப் பாலவனத்தத்தில் இறங்கினேன். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். தேதியை ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமைக்கு மாற்ற வேண்டும், என் மகன் வர வேண்டும் என்று சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். பெண் வீட்டுக்காரி தனியாகப் போய்த் தேதி மாற்றச் சொல்வதென்றால் சும்மாவா. அந்த அம்மா 'ஒங்க மகனுக்குத் தோது இல்லன்னு எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லலியே மதினி. இப்ப ஒங்க மகன உக்கார வச்சா மஸ்கட்டுக்குப் போற எம்பெரியவன் இருக்க முடியாதே' என்றார். நானும் தாய்தானே, தலையைக் குனிந்துகொண்டேன். வெளியே போயிருந்த பெரிய மகனுக்கு அங்கேயே போன் போட்டு என்னையும் கேட்க வைத்தார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே 'நாந்தான் கல்யாணத்துக்கு மறுபடி வருவேன்லம்மா, நிச்சயத்துக்கு மச்சினன் இல்லாம எப்பிடி, மாத்துங்க' என்றது. அவன் சிரித்தான், அந்த அம்மா சிரிக்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மாத்திக்கிடுவோம், ஆனா ஒங்க மகன் கட்டாயம் வரணும், எம்மகன் விட்டுக்கொடுத்த எடம் சும்மா கெடக்கக் கூடாது என்றார். நான் வருவான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

விஷயம் தெரிந்து பெரியப்பா வந்து சத்தம் போட்டார். 'இவுகளே தேதி வைப்பாக, இவுகளே மாத்துவாக, அப்ப நாங்க எதுக்கு' என்று காப்பி குடிக்காமல் போய்விட்டார். வருவாரோ மாட்டாரோ தெரியாது, நான் போய்க் கூப்பிடுவேன், வந்தால் ஐயருக்குப் பக்கத்து நாற்காலி அவருக்குத்தான். அப்பா ஒரு நாள் முழுக்க என்னிடம் முகம் கொடுக்கவில்லை. அடுத்த நாள் காலையில் காப்பியை வாங்கிக்கொண்டு, சாமுக்கு எங்கே இறங்கினால் தோது, மதுரையா விருதுநகரா என்று கேட்டார். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவும் ஆகிவிட்டது, இனி மிச்சம் இருப்பது உன் பாடு. ஏப்ரல் கடைசியில் கணக்கு வேலை எல்லாம் முடிந்திருக்கும், ஆனாலும் லீவு தானாக வராது, நீ மேனேஜர் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும். உன்னை எனக்குத் தெரியும், அவருக்கு ஆள் பற்றாக்குறை, கூட இருப்பவருக்குக் குழந்தை, நான் போனால் அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவர்கள் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் நீயே யோசித்து, கேட்காமலே திரும்பி வந்துவிடுவாய். அப்படிச் செய்யாதே ராசா. நான் முன்பின் பழகாத வீட்டு வாசலில் நின்று கேட்டேன், எனக்கும் வாய் உலர்ந்துதான் போனது.

அந்த ஊர் ஈரத்தில் துணி காயாது என்பாயே, அரைகுறையாகக் காய்ந்ததைப் போட்டுக்கொண்டு போகாதே. இரண்டு கிலோ மிளகாய் வற்றல் உனக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டு போகலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிடாதே. ஆண்டவர் உன்னோடேகூட இருந்து உன்னை ஆசீர்வதிப்பார், அப்பாவும் நானும் இரண்டு வேளையும் உனக்காக ஜெபிக்கிறோம். லீவு கேட்டாயா என்று நான் போன் போட்டு நச்சரிக்கமாட்டேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இல்லை என்று சொல்ல வேண்டுமானால் மேனேஜர் சொல்லட்டும், அவருக்கு முந்தி நீ சொல்லிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
நீ வருவாய் என்று வாக்குக் கொடுத்திருக்கிற உன் அம்மா,
ம. ஜெயக்கொடி